அளவு நோட்டில் இருந்த பாட்டு

மொச்சையை முதல் நாளே ஊறப்போட்டு வைத்திருந்தாள் தெய்வானை. இப்போது தாழ்வாரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் ஓர் அமுக்கு அமுக்கினால் பருப்பு துள்ளிக்கொண்டு தட்டில் விழும், தோல் கையிலேயே தங்கிவிடும். ரொம்ப நேரமாகச் செய்வதால் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. அவள் எழுந்திருப்பதற்குள் வைஜயந்தி உள்ளே வந்துவிட்டாள்.

“வாங்கக்கா. சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே. பாப்பா இப்பத்தான் தூளியில தூங்குது. மெதுவாப் பேசுங்க.”

“சரி டீச்சர்.”

வைஜயந்திக்கு ஐம்பத்து நாலு வயது. முப்பது வருஷமாக மேடையில் பாடுகிறவள். தெய்வானைக்கு இருபத்தாறு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். இருந்தாலும் இந்த வீட்டில் சொல்லிக்கொடுப்பவள் தெய்வானை, கற்றுக்கொள்பவள் வைஜயந்தி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணக் கச்சேரிக்காக ஆரணிக்கு வந்திருந்தாள் வைஜயந்தி. அன்றைக்குக் கிருத்திகை. முருகன் கோயில் பஜனையில் ஒரு பெண் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு, ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் ஒரு பாட்டுப் பாடினாள். வைஜயந்தி அவள் பின்னாலேயே வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டாள்.

“யார் பாட்டும்மா இது?”

“எங்க அப்பா பாட்டுங்க. தணிகாசலம்னு பேரு. போன வருஷம் தவறிட்டாரு.”

“பெரிய வித்வானா?”

“டெய்லருங்க.”

மறு வாரம் தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து எடுத்துக்கொண்டு, குருவே என்று வைஜயந்தி குனிந்தபோது, தெய்வானை பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து அடுப்பு வரைக்கும் போய்விட்டாள். பிறகுதான் இருவரும் பேசி, டீச்சர் என்று கூப்பிடுவதாக முடிவாயிற்று. அதற்கும் அவள் முகம் இன்றுவரை சிவக்கத்தான் செய்கிறது.

இன்றைக்கு வைஜயந்தி பாயில் உட்கார்ந்தாள். கையில் இருந்த பையைத் திறக்கவில்லை. மொச்சையில் கை வைத்தாள்.

“வேணாங்க்கா. கை நாறும். மூணு நாளைக்குப் போகாது.”

“பரவாயில்லை.”

“மைக்கைப் பிடிக்கிற கை. விடுங்க.”

வைஜயந்தி கேட்கவில்லை. நாலு மொச்சை பிதுக்கினாள். அதில் இரண்டு நசுங்கிப்போனது. தெய்வானை சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“என்னக்கா, மூஞ்சியே சரியில்லை.”

அப்புறம்தான் பை திறந்தது. வழவழவென்று ஒரு நோட்டீஸ் வந்தது. பாதிக்கு மேல் வைஜயந்தியின் படம். பச்சைப் பட்டுப்புடவை, கையில் ஒரு கட்டு ஓலை.

தெய்வானை கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். உதடு அசைந்தது.

“இரு நூ று ஆண்டு களாக எவ ரும் பாடா த பாடல்.” நிமிர்ந்தாள். “எந்தப் பாட்டுக்கா இது?”

வைஜயந்தி பையின் வாயை மூடினாள்.

தெய்வானை மறுபடியும் குனிந்தாள். “ஓலைச் சுவடியி லிருந்து மேடைக்கு.” கீழே சின்ன எழுத்தில் பாட்டின் முதல் அடி இருந்தது. அதைக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அந்த அடியின் மேல் விரலை வைத்தாள்.

“ஓலையில எங்கக்கா இருந்துச்சு? அப்பா அளவு நோட்டுல இல்ல எழுதி வெச்சிருந்தாரு. மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்திமூணு, அதுக்குக் கீழ பாட்டு. நீங்ககூடப் பார்த்தீங்களே.”

“பார்த்தேன்.”

“யாரும் பாடாததுன்னு போட்டிருக்குதே. போன கிருத்திகைக்குக்கூடப் பாடினேன்.”

“தெரியும் டீச்சர்.”

“அப்பா பேரு எந்தப் பக்கத்துல இருக்குது?” நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு நகைக்கடை விளம்பரம்.

வைஜயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல வேண்டியதை எல்லாம் காரில் வரும்போது வரிசையாக அடுக்கிக்கொண்டுதான் வந்தாள். வாயைத் திறந்ததும் வரிசை கலைந்துபோயிற்று.

“மூணு வருஷமா எனக்குக் கூட்டமே இல்லை. போன வருஷம் முன்வரிசையில் இருந்ததே பாதி எங்க சொந்தக்காரா. இந்த வருஷமும் இப்படியே இருந்தா சாயங்காலக் கச்சேரி கிடையாதுன்னு சபாவில் சொல்லிட்டா. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய்ப் பாடுன்னுட்டா. அந்த நேரத்தில் கேன்டீனுக்குப் போறவா தவிர வேற யார் வருவா? விளம்பரத்துக்குன்னு ரோஹித்னு ஒருத்தனை வெச்சேன். அவன்கிட்ட நிஜத்தைத்தான் சொன்னேன் டீச்சர். ‘டெய்லர் பாட்டுன்னா யார் மேடம் வருவா, ஓலைன்னு சொன்னா வருவா’ன்னான்.”

“வந்தாங்களா?”

“டிக்கெட் மொத்தமும் தீர்ந்துபோச்சு.”

“நல்லது தானேக்கா.”

அந்தக் குரலில் குத்தல் எதுவும் இருக்கிறதா என்று வைஜயந்தி தேடிப் பார்த்தாள். இல்லை. அது இருந்திருந்தாலாவது தேவலை.

“இன்னொண்ணும் சொன்னான்.”

“என்ன?”

வைஜயந்தி பாயில் பிரிந்திருந்த கோரையை நகத்தால் கிள்ளினாள்.

தெய்வானை இரண்டு மொச்சை பிதுக்கினாள். மூன்றாவதைப் பிதுக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நான் அதைப் பாடக் கூடாது. அதானேக்கா?”

வைஜயந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

“யாராவது போன்ல பிடிச்சுப் போட்டுட்டா உங்களுக்கு அசிங்கமாப் போயிடும். எனக்கும் வெளங்குது. வர்ற கிருத்திகைக்கு வேற பாட்டு பாடிக்கிறேன். அப்பா நிறையத்தான் எழுதி வெச்சிருக்காரு.”

“கொஞ்ச நாளைக்குத்தான்.”

“கொஞ்ச நாள் கழிச்சுப் பாடினா மட்டும் பொய் நெசமாயிடுமா? பாடலை. விடுங்க.”

“நானும் சீசன் முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லியிருக்கான். யாராவது பார்த்துடுவாளாம்.”

“சரிக்கா.”

இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று வைஜயந்தி நினைக்கவே இல்லை. கேட்க வந்தது எல்லாம் கிடைத்துவிட்டது. எழுந்து போகலாம். போக முடியவில்லை. தான் திருடிக்கொண்டு போவதையாவது நல்லபடியாக எடுத்துப் போகிறோம் என்று காட்டிவிட வேண்டும் போலிருந்தது.

“ஒரு தடவை பாடிடறேன். கேட்டுட்டு சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.”

“மெதுவா. பாப்பா.”

வைஜயந்தி தொடையில் தாளம் போட்டுக்கொண்டு அடங்கிய குரலில் பாடினாள். பாட்டு சின்னதுதான். விளக்கு வைத்தாயிற்று, வாசலில் தண்ணீர் தெளித்தாயிற்று, இன்னும் என்ன, வா என்று கூப்பிடுகிற பாட்டு. முதல் அடி சுத்தமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அடியில் அந்த ‘வா’ வரும்போது குரலை மேலே ஏற்றி, அங்கேயே நிறுத்தி, அலை அலையாகக் கீழே இறக்கினாள். முப்பது விநாடி வீடியோவாக ரோஹித் வெட்டிப் போட்டிருந்தது அந்த இடத்தைத்தான். இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

தெய்வானை மொச்சை பிதுக்குவதை அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினாள். மறுபடியும் பிதுக்க ஆரம்பித்தாள்.

வைஜயந்தி அதைப் பார்த்துவிட்டாள். பாட்டை முடித்ததும் கேட்டாள்.

“என்ன?”

“நல்லாயிருக்குதுக்கா.”

“இல்லை. கை நின்னுதே. எந்த இடம் தப்பு?”

தெய்வானை தோலை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். நேராகப் பதில் சொல்கிற வழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. கூச்சம். எதையாவது சுற்றிக்கொண்டுதான் வருவாள்.

“எனக்கு அப்போ பத்து வயசு. ரைஸ்மில்லுக்காரர் வீட்டுப் பையனுக்குக் கல்யாணக் கோட்டு அப்பாதான் தச்சாரு. பதினஞ்சு நாள் தச்சாரு. கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. பந்தியில ஒக்காந்திருக்கோம். மாப்பிள்ளை கூட்டாளிங்களோட பக்கத்துல நிக்கறாரு. கோட்டு எங்கடா தச்சேன்னு ஒருத்தர் கேட்டாரு. மெட்ராஸ்லன்னாரு.”

“அப்பா காதில் விழுந்துதா?”

“விழாம? எனக்கே விழுந்துச்சே. ஆனா அப்பா அதுக்கு ஒண்ணும் பண்ணலை. அவரு கண்ணு மாப்பிள்ளையோட எடது தோள் மேலயே இருந்துச்சு. அங்க கொஞ்சூண்டு இழுத்துக்கிட்டு நின்னுச்சு. ரெண்டு தையலைப் பிரிச்சுப் போட்டா சரியாயிடும். சட்டைக் காலர்ல எப்பவும் ஊசி குத்தி வெச்சிருப்பாரு அப்பா. கை காலர் வரைக்கும் போச்சு. திரும்பி எலைக்கு வந்துடுச்சு.”

“சொல்லியிருக்கலாமே.”

“நானும் அதேதான் கேட்டேன். போயி சொல்லேம்பா, போட்டோ எடுக்கறதுக்குள்ள சரி பண்ணிடலாம்ல, அப்படின்னேன்.”

“என்ன சொன்னார்?”

“மெட்ராஸ்ல தச்ச கோட்டை ஆரணி டெய்லர் எப்படிம்மா தொடறதுன்னாரு.”

தெருவில் தறி ஓடும் சத்தம் கேட்டது. வைஜயந்தியின் பார்வை பாயின் மேல் கிடந்த நோட்டீஸுக்குப் போனது. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஓலைக் கட்டு ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

“தொடுங்க டீச்சர்” என்றாள். “இன்னிக்கு ஒரு நாள் தொடுங்க. பாடிக் காட்டுங்க.”

“பாட மாட்டேன்னு இப்பத்தானேக்கா சொன்னேன்.”

“எனக்கு மட்டும்.”

“சொன்னா சொன்னதுதான்.” வைஜயந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெய்வானைக்கு மனசு கேட்கவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். “பேச்சாச் சொல்றேன். கேட்டுக்கங்க. அந்த ‘வா’ தான்.”

“வீடியோ பார்த்துட்டு அந்த இடத்துக்குத்தான் எல்லாரும் கைதட்டறா.”

“தட்டுவாங்க. நல்லாத்தான் கூப்பிடறீங்க. கூப்பிட்டா வந்துடுவாங்கன்னு கூப்பிடறீங்க.”

“முருகனைத்தானே கூப்பிடறோம். வர மாட்டானா?”

“முருகனை அப்புறம்தாங்க்கா சேர்த்தாரு.”

“அப்புறம்னா?”

“எங்க அம்மா தவறின பத்தாம் நாளு. காரியம் முடிஞ்சு வந்தவங்க எல்லாம் கெளம்பிட்டாங்க. பொழுது போற நேரம். அம்மா வெளக்கேத்தற மாடத்துல அப்பா வெளக்கேத்தினாரு. வாசல்ல தண்ணி தெளிச்சாரு. உள்ள வந்து மிஷின்ல ஒக்காந்தாரு. துணி எதுவும் இல்லாமலே மிதிச்சாரு. அப்போ வந்த பாட்டு அது.”

இரண்டு வருஷமாக வைஜயந்தி இந்தப் பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். என்ன ராகம் என்று கேட்டிருக்கிறாள். எத்தனை அடி, எங்கே எடுப்பு, எல்லாம் கேட்டிருக்கிறாள். யாரைக் கூப்பிடுகிற பாட்டு என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

“அப்போ அதை எப்படிப் பாடணும் டீச்சர்?”

தெய்வானை கையை முந்தானையில் துடைத்தாள். சொல்வதற்கு முன்னால் மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்துக்கொண்டாள், பாடப் போகிறவள் மாதிரி.

“அப்பா அதை முழுசாக் கூப்பிட மாட்டாருக்கா. அவங்க வர மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்ல. ‘வா’ன்னு எடுப்பாரு. மேல போறாப்பல போவாரு. போயிட்டுப் பாதியில அப்படியே…”

“அம்மா” என்று உள்ளேயிருந்து குழந்தை கூப்பிட்டது.

தெய்வானை பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாள்.