பதினோரு முகவரிகள்

பாளையங்கோட்டையில் தமயந்தி என்றொரு ஆசிரியை இருந்தாள். கணினிகளை இணைக்கவும், இணைத்ததைக் காக்கவும் கற்றுக்கொடுப்பவள். வயது முப்பத்தொன்று. அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் சந்தனமுத்து. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர்.

கணவனின் அடிக்குத் தப்பிவந்த பெண்களுக்கு அவர் வழக்கு வேலைகளில் உதவிவந்தார். அவர்கள் இப்போது ஒளிந்து வாழும் இடம் உட்பட எல்லா விவரமும் அவர் வீட்டில் வைத்திருந்த சர்வர் கணினியில் இருந்தது. வழக்குக்காக மதுரை போகும்போது அங்கிருந்தே பார்க்க வேண்டுமென்று, ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார். பாஸ்வேர்டு அவர் மகளின் பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தமயந்தியிடம் வந்து, லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தார்; போனையும் பக்கத்தில் வைத்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை யாரோ சர்வருக்குள்ள வந்திருக்காங்க. பதிவுல இருக்கு. நாப்பது நிமிஷம் இருந்திருக்காங்க."

"இப்போ?"

"அணைச்சுட்டேன். அந்த வழியை எப்படி அடைக்கணும்னு சொல்லுங்க."

"எத்தனை பேர் முகவரி இருந்துச்சு?"

"பதினொண்ணு."

"அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

அவர் தலை குனிந்தார். "சரிபண்ணிட்டு சொல்லலாம்னு..."

தமயந்தி லேப்டாப்பை மூடினாள். மேஜைமேல் இருந்த அவருடைய போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார். மத்தியானமாகிவிட்டது. சிலர் அழுதார்கள். ஒருத்தி திட்டினாள். ஜெசிந்தா என்பவள், "பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்துலதான் ஒரு சிநேகிதி கிடைச்சிருந்தா சார்," என்றாள். அன்று சாயங்காலமே அவள் வீட்டைக் காலிசெய்தாள்.

மறுநாள் தமயந்தி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். சந்தனமுத்து சர்வரைத் துடைத்து முதலிலிருந்து அமைத்தார். ரவுட்டரில் திறந்திருந்த வழியை அடைத்தார். வெளியிலிருந்து வர இனி ஒரே ஒரு மறைவான தடம்தான். எந்தக் கருவிக்கென்று அவர் ரகசியக் குறியீட்டுச் சாவி ஒன்றை உண்டாக்கியிருக்கிறாரோ, அதற்கு மட்டும் அது திறக்கும். பத்து நாள் ஆயிற்று.

பதினோராம் நாள் அவர் கேட்டார். "இப்போ பத்திரமா இருக்கா டீச்சர்?"

அவள் சாவிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். மூன்று வரிகள் இருந்தன.

"முதல் சாவி?"

"என் லேப்டாப்புக்கு."

"ரெண்டாவது?"

"என் போனுக்கு."

"மூணாவது?"

"உங்களுக்கு. எனக்கு ஏதாவது ஆயிட்டா நீங்க பாத்துக்குவீங்கன்னு போட்டு வச்சேன்."

தமயந்தி மூன்றாவது வரியை அழித்தாள்.

சந்தனமுத்துவின் முகம் வாடிவிட்டது. "உங்களையே நம்பலைன்னா, நான் வேற யாரை நம்புறது?"

"நீங்க நம்புறீங்க அண்ணாச்சி," என்றாள் தமயந்தி. "ஜெசிந்தாகிட்ட கேட்டீங்களா?"