அரசருக்குக் கலை இல்லாமற்போன காலை

முன்னொரு காலத்தில் மகிழேந்திரன் என்று ஓர் அரசர் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நல்ல அரசர்தான். ஏரிகளில் தண்ணீர் இருந்தது, களங்களில் நெல் இருந்தது. அவரிடம் இருந்த ஒரே கோளாறு, பக்கத்து நாட்டில் ஏதாவது ஒன்று உண்டு என்று காதில் விழுந்தால் போதும், அது தன் நாட்டிலும் வேண்டும் என்பார்.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் விருந்துக்கு வந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடித்துக்கொண்டே, "எங்கள் தலைநகரில் கலை இல்லாதவர் ஒருவர்கூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க அரசருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் அரசர் இதைச் சொன்னதும் முதலமைச்சர் ஆபத்சகாயர் எழுந்தார்.

"இதற்கு ஏன் வருத்தம், அரசே? கலை இல்லாதவர்களைக் கோட்டைக்கு வெளியே அனுப்பிவிட்டால், உள்ளே இருப்பவர்கள் எல்லாம் கலைஞர்கள்தாமே?"

அரசருக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. அப்போதே ஓலை எழுதச் சொன்னார். ஆபத்சகாயர் தம் கையாலேயே எழுதினார்: 'கலை இல்லாதவர் எவராயினும் இக்கோட்டைக்குள் இருக்கலாகாது. காவலர் கண்ட இடத்திலேயே வெளியேற்றுக. இதற்கு எவர்க்கும் விலக்கு இல்லை.'

அந்தக் கடைசி வரியை எழுதும்போது அவர் பார்வை ஒரு நொடி விகடகவி வேம்பையன் பக்கம் போய் வந்தது. அரசரைச் சிரிக்க வைப்பதுதான் அவன் வேலை. அமைச்சர் எழுதிய வாழ்த்துப்பாவை அவன் ஒருமுறை தவளைக் குரலில் பாடிக் காட்ட, சபை முழுக்கச் சிரித்துவிட்டது. அந்த நாளிலிருந்து ஆபத்சகாயர் அவனைப் பார்த்துப் புன்னகை செய்ய ஆரம்பித்திருந்தார். அவர் கோபப்பட்டால்கூடச் சமாளிக்கலாம், புன்னகைதான் ஆபத்து.

வேம்பையன் எழுந்து கேட்டான். "அரசே, ஓர் ஐயம். இன்னது கலை, இன்னது கலை இல்லை என்று யார் சொல்வது?"

"நிகண்டு சொல்லும்" என்றார் ஆபத்சகாயர். "கலை என்ற சொல்லுக்கு நிகண்டில் என்ன பொருள் உண்டோ அது செல்லும். இல்லாதது செல்லாது. சிரிப்புக் காட்டுவது கலை என்று எந்த நிகண்டிலும் நான் கண்டதில்லை."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர், தூதரின் முகம் எப்படிச் சுருங்கும் என்ற நினைப்பிலேயே. "நிகண்டின் சொல்லே முடிவு. எனக்கும் சேர்த்துத்தான்."

பௌர்ணமிக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று முரசு அறைந்தார்கள். கோட்டை வாசலில் ஆபத்சகாயர் மேடை போட்டு உட்கார்ந்தார். ஊரே வரிசையில் வந்து நின்றது. பாட்டுக்காரர், கூத்தாடுபவர், ஓவியர், மல்லர் எல்லாரும் உள்ளே போனார்கள். மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

"ரெண்டு பொண்டாட்டிய வச்சுக்கிட்டு சத்தமில்லாம குடும்பம் நடத்துறேன் சாமி. அது ஒரு கலைன்னு ஊரே சொல்லுது" என்றான் எண்ணெய் ஆட்டும் செக்கான் ஒருவன்.

"வெளியே."

"அழுற புள்ளைய தூங்க வைக்கிறது ஒரு கலைதானுங்களே?"

"வெளியே."

"பொய் சொல்றதும் ஒரு கலைன்னு சொல்லுவாங்க" என்று இழுத்தான் ஒருவன்.

"அப்படி யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. சும்மா சொன்னேன்."

அவனும் வெளியே போனான். அடுத்து வந்தவள் சிலம்பாயி. வேம்பையனுக்கு அடுத்த வீட்டுக்காரி. அரண்மனைக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கும் கூட்டத்துக்குத் தலைவி. அவள் எதையும் கலை என்று சொல்லவில்லை. "நான் தண்ணி எடுக்கிறவ" என்றாள். அவளையும் அவள் கூட்டத்தையும் ஒரே கையசைப்பில் வெளியே அனுப்பினார் அமைச்சர்.

பக்கத்தில் நின்ற வேம்பையனைப் பார்த்து, "விகடகவியாரே, உம்முடைய முறை நாளைக்கு. இன்று மூட்டை கட்டிக்கொள்ளும்" என்றார். அதே புன்னகை.

வேம்பையன் சிரிக்க முயன்றான், வரவில்லை. வாசலுக்கு வெளியே போனவர்கள் கலையாமல் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே சிக்கிய ஆடும் கோழியும் வேறு கத்தின. இரைச்சல் தாங்காமல் ஆபத்சகாயர் காவல் தலைவனைப் பார்த்துக் கத்தினார். "என்ன வேடிக்கை? கூட்டத்தைக் கலை!"

காவல் தலைவன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு, "கலை! கலை!" என்று ஓடினான்.

வேம்பையன் அப்படியே நின்றான். காலையிலிருந்து ஊரே இந்த ஒரு சொல்லுக்காகத் தவம் கிடக்கிறது. இவர் அதையே சொல்லி ஊரை விரட்டுகிறார். ஒரே சொல், வேறே வேலை. இந்தச் சொல்லுக்கு இன்னும் எத்தனை வேலை இருக்கிறதோ? நிகண்டில் உள்ளதெல்லாம் செல்லும் என்று சபையில் சொன்னவர் இவர்தானே.

அவன் வீட்டுக்குப் போனபோது மனைவி தாயம்மை பாத்திரங்களைப் பழஞ்சேலையில் போட்டு முடிந்துகொண்டிருந்தாள்.

"எந்த ஊருக்குப் போறோம்னாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு முடிச்சுப் போடாதே தாயி. ஒண்ணு போதும்" என்றான் அவன். பிறகு நிகண்டுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முற்றத்தில் நடந்தான். கலை என்றால் கல்வி. கலை என்றால் ஆண் மான். கலை என்றால் நிலாவின் ஒரு கூறு. அடுத்த பொருளுக்கு வந்ததும் நின்றுவிட்டான். தாயம்மை கையிலிருந்த சேலையைப் பார்த்தான்.

"நாளைக்கு என்ன கிழமை?"

"சனி."

"அப்ப அரசர் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாரு."

தாயம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வீடு போகப்போகுது. இவருக்கு ராசா குளிக்கிற கவலை" என்று சொல்லிவிட்டு இரண்டாவது முடிச்சையும் போட்டாள்.

சனிக்கிழமை காலை. எண்ணெய் தேய்த்துவிட அரண்மனை மல்லன் இருந்தான். மல்வித்தை கலைதானே, அவன் தப்பித்திருந்தான். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, கோவணத்தோடு குளியலறை முக்காலியில் அரசர் உட்கார்ந்திருந்தார். வெந்நீர்தான் வரவில்லை. தண்ணீர் சுமப்பவர்கள் கோட்டைக்கு வெளியே. அண்டாவுக்கு நெருப்புப் போடுபவனும் வெளியே. பாகவதர் ஒருவர் கதவருகே வந்து, வேண்டுமானால் மழை வரப் பாடுகிறேன் என்றார். அரசர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தம்பூராவோடு மறைந்துபோனார்.

"ஆபத்சகாயரைக் கூப்பிடு" என்றார் அரசர், எண்ணெய் எரிச்சலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

ஆபத்சகாயர் ஓடி வந்தார். அவர் வந்த கையோடு வாசலில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வேம்பையன். இன்னொருவன் கோட்டைக் காவல் தலைவன். அவன் கையில் அரச ஓலை இருந்தது.

"என்ன?" என்றார் அரசர்.

"நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன், மகாராசா" என்றான் காவல் தலைவன். "கண்ட இடத்துல வெளியேத்தணும்னு ஓலையில இருக்குன்னு விகடகவிதான்..."

"யாரை வெளியேற்ற?"

வேம்பையன் கைகூப்பிச் சொன்னான். "தங்களைத்தான், அரசே. கலை இல்லாதவர் எவராயினும் கோட்டைக்குள் இருக்கலாகாது. தங்களிடம் இப்போது கலை இல்லை."

"எனக்கா? நான் யாழ் வாசிப்பேன்."

"வாசிப்பீர்கள். ஆனால் கலை என்றால் ஆடை என்றும் நிகண்டு சொல்கிறது. நிகண்டில் உள்ள பொருள் எதுவும் செல்லும் என்று அமைச்சர் பெருமான் சபையில் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் என்று தாங்கள் ஒப்பினீர்கள். யாழ் ஒரு கலை. அதனால் உள்ளே இருக்கலாம். ஆடை ஒரு கலை. அது இல்லாததால் வெளியே போகவும் வேண்டும். எந்தப் பொருளைக் கொள்வது என்று அடியேனுக்குத் தெரியவில்லை. அமைச்சரைத்தான் கேட்க வேண்டும்."

அரசரின் தாடியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. காவல் தலைவன் ஓலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"சொல்லும், ஆபத்சகாயரே" என்றார் அரசர். "கலை என்றால் ஆடை என்று நிகண்டில் உண்டா?"

"உண்டு அரசே. ஆனால் இங்கே அந்தப் பொருள்..."

"செல்லாது என்கிறீரா? எல்லாம் செல்லும் என்றீரே."

ஆபத்சகாயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று முகம் தெளிந்தது. "அரசே, தாங்கள் கோவணம் அணிந்திருக்கிறீர்கள். கோவணமும் ஆடையே. ஆகவே தங்களிடம் கலை இருக்கிறது. தங்களை எவரும் வெளியேற்ற முடியாது."

"நன்றாகச் சொன்னீர்கள், ஐயா" என்றான் வேம்பையன். "கோவணமும் கலை. இதைக் காவல் தலைவர் கேட்டுக்கொள்ளட்டும். அப்படியானால், நேற்று வாசலுக்கு வெளியே போனவர்களில் கோவணத்துக்குக் குறைவாக யாராவது உடுத்தியிருந்தார்களா?"

கோவணம் கலைதான் என்றால் ஊர் முழுக்க உள்ளே வர வேண்டும். இல்லை என்றால் அரசர் எண்ணெயோடு கோட்டைக்கு வெளியே நடக்க வேண்டும். மூன்றாவது வழி எதுவும் ஓலையில் இல்லை. எழுதியவர் அவ்வளவு கவனமாக எழுதியிருந்தார்.

முதலில் முக்காலி குலுங்கியது. பிறகுதான் அரசர் சிரிக்கிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது. எண்ணெய் கண்ணில் இறங்க, கண்ணைக் கசக்கக் கசக்க இன்னும் எரிய, எரிச்சலும் சிரிப்புமாக அவர் விம்மினார். மல்லன் பயந்துபோய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"வேம்பையா, தூதர் மட்டும் இதைப் பார்த்திருந்தால்?" என்றார் மூச்சு வந்ததும்.

"அவர் நாட்டிலும் குளிக்காமல் இருக்க மாட்டார்கள், அரசே."

அரசர் அங்கேயே ஓலையை வாங்கிக் கிழித்துப் போட்டார். ஆபத்சகாயரை வாசலுக்கு அனுப்பி, அவர் வெளியே அனுப்பிய ஒவ்வொருவரையும் அவரே பேர் சொல்லி உள்ளே அழைக்கச் சொன்னார். பேர் தெரியாதவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் சொன்னார். தண்ணீர் சுமப்பவளைக் கூட்டி வர அரண்மனைப் பல்லக்கோடு வேம்பையன் போனான்.

சிலம்பாயி கோட்டைக்கு வெளியே புளியமரத்தடியில் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பல்லக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அரசர் எண்ணெயோட உக்காந்திருக்காரு, அக்கா" என்றான் வேம்பையன்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. கஞ்சி இப்பத்தான் கொதிக்குது. குடிச்சிட்டு வரேன்னு போய்ச் சொல்லு."

வேம்பையன் திரும்பி வந்து ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே சொன்னான்.

அரசர் மறுபடியும் சிரித்தார். இந்த முறை சத்தமில்லாமல். "குடித்துவிட்டே வரட்டும். நான் எங்கே போகப்போகிறேன்?" என்றார்.

வெயில் முற்றத்தில் இறங்கிய பிறகு வெந்நீர் வந்தது. குளித்து உடுத்தியதும் அரசர் தம் பொற்சரிகைப் பட்டை எடுத்து வேம்பையன் தோளில் தாமே போர்த்தினார். வீட்டோடு சேர்த்து ஊற்றங்கரை நஞ்சையையும் அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தார். பட்டைப் போர்த்தியபடி அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது, தாயம்மை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டாள். பட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து நகர்ந்து நின்றுகொண்டு, "அவிழ்த்து அடுக்குங்க" என்றாள்.

அரசர் குளிர்ந்தார், ஊர் திரும்பியது. வேம்பையன் முடிச்சவிழ்க்க உட்கார்ந்தான். கதையும் அங்கே உட்கார்ந்தது.