உப்புச் சாடியின் அடிப்பக்கம்

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருந்த சேவுகனிடம் ஒரு சமயம் ஆறு ஜெர்மன் பீங்கான் சாடிகள் வந்து சேர்ந்தன. மாவு, சர்க்கரை, காப்பி என்று ஒவ்வொன்றின் வயிற்றிலும் அதன் வேலை ஜெர்மன் மொழியில் நீலமாக எழுதியிருந்தது. ஆறில் சிறியது உப்புச் சாடி. கோபக்காரியும் அவள்தான்.

சேவுகன் சாடிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். எந்தக் கம்பெனியின் சின்னமும் இல்லை. ஆறின் அடியிலும் சிவப்பு மையில், தூரிகையால் எழுதிய 27 மட்டும் இருந்தது.

"வெறும் நம்பரை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று சலித்துக்கொண்டார்.

மறுவாரம் கிரீடச் சின்னம் வெட்டிய ஒரு ரப்பர் முத்திரையும், ஓர் உப்புத்தாளும் மேசைக்கு வந்தன. முதலில் உப்புத்தாள் எழுந்தது. ஐந்து சாடிகளின் அடியிலும் 27 என்ற எண்ணைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, கடைசியாக உப்புச் சாடியிடம் வந்தது.

"கோபித்துக்கொள்ளாதே. என் பெயரிலும் உப்பு இருக்கிறது. நாம் உறவு" என்றது.

"உறவு என்று சொல்லிக்கொண்டேதானே தோலை உரிக்கிறாய்!" என்று சீறியது உப்புச் சாடி.

உப்புத்தாள் தேய்த்தது. சாடி பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை இறுக்கிப் பிடித்தது. இரண்டு போயிற்று. ஏழின் தலை போயிற்று. ஏழின் காலை மட்டும் அது விடவேயில்லை.

பிறகு முத்திரை வந்து நச்சென்று உட்கார்ந்தது. "அடி அசடே, உனக்கு ஓர் அரண்மனையையே தகப்பனாகக் கொடுத்திருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயே?"

"உன்னிடம் யார் கேட்டது?"

"சும்மா இருடி" என்று அதட்டியது மாவுச் சாடி. "கிரீடம் இருந்தால் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். எண்ணை வைத்துக்கொண்டு பரணில் கிடக்கப் போகிறாயா?"

உப்புச் சாடி கொதித்துப்போனது. "நம்மை எழுதிய ஹெட்விக்கை அதற்குள் மறந்துவிட்டாயா? ஜன்னலோரம் முதுகு ஒடிய உட்கார்ந்து, உன் வயிற்றில் அந்த எழுத்தைப் போட்டவள் அவள். பட்டறைக்காரன் அவளைப் பெயர் எழுத விட்டானா? 27 என்ற அவள் எண்ணை மட்டும்தான் எழுத விட்டான். இவர்கள் அதையும் பிடுங்கிவிட்டார்கள். நீ அலமாரியைப் பற்றிப் பேசுகிறாய்!"



ஒரு காலைப்பொழுதில், கல்லூரி அருங்காட்சியகத்துக்குப் பழைய சமையலறைப் பாத்திரங்களைப் பட்டியலெடுக்கும் தில்ஷாத் கடைக்கு வந்தார்.

"ராஜா வீட்டுப் பட்டறை மேடம். கிரீடத்தைப் பாருங்க" என்று சேவுகன் உப்புச் சாடியை நீட்டினார்.

தில்ஷாத் பூதக்கண்ணாடியை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கீறலெல்லாம் பல வருஷம் புழங்கினதுல விழுந்தது. கிரீடத்தோட மை அந்தக் கீறலுக்குள்ள இறங்கியிருக்கு. அப்போ கிரீடம் அதுக்கப்புறம்தானே வந்திருக்கணும்?"

"அதெல்லாம் பழைய மை மேடம், அப்படித்தான் இருக்கும்."

 தில்ஷாத் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு துடை துடைத்தார். கிரீடம் பஞ்சோடு வந்துவிட்டது. "ஐயோ, என் அரண்மனை!" என்று மேசை மேலிருந்த முத்திரை அலறியது. கீழே மங்கிப்போன ஒரு சொரசொரப்பும், அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கோடும் தெரிந்தன. மற்ற ஐந்தையும் துடைத்துப் பார்த்தார். அவற்றில் கோடுகூட இல்லை.

தில்ஷாத் பெருமூச்சோடு நோட்டைத் திறந்து, 'செய்தவர்: தெரியவில்லை' என்று எழுதினார்.

உப்புச் சாடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'தெரியவில்லையா? நான் இருக்கிறேனே! கண்ணெதிரே தேய்த்தார்களே!' என்று கத்தியது. மனிதர் காதில் அது விழவில்லை.

சேவுகனுக்கு உயிர் வந்தது. "அவ்வளவுதான் மேடம். தெரியலைன்னு எழுதிட்டீங்க, பிரச்சினை முடிஞ்சுது. எந்தக் காலத்து ஆளோ, யாரு செஞ்சா நமக்கு என்ன?" என்று சிரித்தார்.

தில்ஷாத்தின் பேனா நின்றது. அந்தச் சிரிப்பை ஒரு கணம் பார்த்தார். பிறகு சாடியின் அடியில் விரலை வைத்து அந்தச் சொரசொரப்பையும் ஓரத்துச் சிவப்புக் கோட்டையும் தடவினார். அவர் முகம் சிவந்தது.

"தெரியாமப் போகல, சேவுகன். தெரியக் கூடாதுன்னு தேய்ச்சிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணா?"



நோட்டில் எழுதியதைத் தில்ஷாத் தாள் கிழியும்படி அடித்தார். அதன் கீழே, பெரிய எழுத்தில் எழுதினார்:

'செய்தவர்: அழிக்கப்பட்டார்.'