பத்தொன்பதாம் பாகத்தில் முனியைக் காணோம்

தோல்மண்டித் தெருவில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் தையல்நாயகி அம்மா இருந்தார். டெலிபோன் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவர். தியானம் சொல்லித் தருவார். பாதி நாள் அதையும் சொல்லித் தராமல் சும்மா உட்கார்ந்திருப்பார்.

சீடர்கள் நான்கு பேர். அவர்களில் மூத்தவர் தணிகாசலம். குருவைவிடச் சீடருக்கு ஒன்பது வயது கூடுதல். அவர் காலில் விழும்போதெல்லாம் அம்மாவுக்குக் கூச்சமாகப் போய்விடும். "போதும், எழுந்திருங்க" என்பார்.

தணிகாசலம் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்தவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட முதலில் பிழையைப் பார்த்துவிட்டுத்தான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பார். நல்ல மனிதர்தான். என்ன செய்வது, கை பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் மாடியேறி வந்தார். கையில் ஒரு நீளமான கவர்.

"என்ன அது?"

"கடிதம்மா. நாப்பது பக்கம்."

"யாருக்கு?"

"பூங்காவனத்துக்கு."

பூங்காவனம் 'சிக்னல் முனி' கதைகளை எழுதுகிறவர். வருடத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பது பாகம் வந்துவிட்டது. கதை தொடங்குவது இதே தெருவின் முனையில்தான். சாலையை அகலப்படுத்த முனீஸ்வரன் கோயிலை இடித்துவிடுகிறார்கள். போக்கிடம் இல்லாத முனி பக்கத்திலிருந்த சிக்னல் கம்பத்தில் ஏறிக்கொள்கிறார். சிவப்பு விளக்குதான் அவர் கண். ஷேர் ஆட்டோ ஓட்டும் ரோசம்மாவுக்கு மட்டும் அவர் தெரிவார். அவளிடம் அவர் முதலில் சொல்வது இதுதான்: "ஒரு டீ வாங்கித் தாடி, தொண்டை காயுது."

அந்த வரியைப் படித்த அன்று தணிகாசலம் வேலைக்குப் போகவில்லை. முனையில் நின்று கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் படித்த ஒரே புத்தகம் அது. பிறகு வாசகர் வட்டம் ஆரம்பித்தார். அந்த வட்டத்தின் கூட்டத்துக்கு இன்று மாலை பூங்காவனமே வருகிறார், முதல் முறையாக.

"நாலு மணிக்கு சென்ட்ரல்ல போய் அழைச்சிட்டு வரப்போறதே நான்தான். அஞ்சு மணிக்குக் கூட்டம். அத்தனை பேர் முன்னாடி இதைப் படிக்கப் போறேன். படிக்கட்டுமா, வேண்டாமா? நீங்க சொன்னா கேட்டுக்கறேன்."

"படிச்சா என்ன ஆகும்?"

தணிகாசலத்தின் குரல் இறங்கியது. "இனிமே அவங்க எழுத மாட்டாங்கம்மா."

"அது உங்களுக்குச் சம்மதமா?"

"எப்படி எழுதினவங்க! அவங்களே அதைக் கெடுக்கறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"அவ்வளவு மோசமா?"

அணை உடைந்தது. "முனி ஏழு உலகத்துக்கும் சேனாதிபதி ஆயிட்டார். பறக்கறார். ரோசம்மா ஆட்டோவை வித்துட்டு ஏதோ ஒரு ராஜ்யத்துக்கு ராணியாம். எட்டாம் பாகத்துக்கு அப்புறம் கதையில இந்தத் தெருமுனையே வரல. இந்தப் பத்தொன்பதாம் பாகம் தொள்ளாயிரம் பக்கம்மா! ஒருத்தராவது ஒரு டீ குடிக்கணுமே? இருநூத்திப் பன்னெண்டு இடத்துல கோடு போட்டிருக்கேன். பேர் இருக்கு, ஆள் இல்ல. முனியைக் காணோம்."

"நானும் படிச்சேன்" என்றார் அம்மா. "நானூறாம் பக்கத்துல தூங்கிட்டேன்."

குருவே தன் கட்சி என்றதும் தணிகாசலத்துக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாராவது அவ்வளவு மோசமில்லை என்று சொல்ல மாட்டார்களா என்றுதான் இத்தனை நாளும் ஏங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"அப்போ படிச்சிடலாமாம்மா?"

"டீ குடிக்கலாம், வாங்க."

இருவரும் தெருமுனைக்கு நடந்தார்கள். வழி முழுக்கத் தணிகாசலம் ஒன்பதாம் பாகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பத்தாம் பாகத்துக்கு வரும்போது சந்திப்பு வந்துவிட்டது. டீக்கடை சாலைக்கு அந்தப் பக்கம். நடப்பவர்களுக்குச் சிவப்பு விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வண்டி இல்லை.

அம்மா சாலையில் கால் வைத்தார்.

"அம்மா! சிவப்பு!"

"ஒண்ணும் வரலையே."

"வரலதான். இருந்தாலும்... நில்லுங்கம்மா."

அம்மா திரும்ப வந்து நின்றார். தணிகாசலம் பேச்சைத் தொடர்ந்தார். "பத்தாம் பாகத்துல பாருங்க, முனிக்கு ஒரு ரதம்..."

அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. தணிகாசலம் கன்னத்தில் லேசாகத் தொட்டுக்கொண்டு, ரதத்தைத் திட்டியபடியே சாலையைக் கடந்தார்.

டீக்கடைக்காரர் பெயர் கஜபதி. இரண்டு டீயை நீட்டினார்.

"தணிகாசலம், அங்க நிக்கும்போது என்ன பண்ணீங்க?"

"எங்கம்மா? ஒண்ணும் பண்ணலையே."

"செருப்பைக் கழட்டினீங்க."

"நானா?"

கஜபதி சிரித்தார். "சார் டெய்லி கழட்டுவாரும்மா. ஒம்பது மணி ஆனா வருவாரு, கம்பத்தாண்ட கால வெளிய எடுப்பாரு, கன்னத்துல போட்டுக்குவாரு, செருப்ப மாட்டிக்கினு போவாரு. நானும் எத்தினி வருசமா பாக்கறேன்."

தணிகாசலம் தன் செருப்பைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய செருப்பு மாதிரி இருந்தது அது.

"இவர் மட்டுமா?" என்று அம்மா கேட்டார்.

"இன்னாம்மா இப்டி கேக்கற! ஆட்டோக்காரன், பூக்காரி, காலேஜ் புள்ளைங்க, அல்லாருந்தான். அந்தாண்ட பாரு."

ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. குறுக்கே ஆளில்லை, போலீஸ் இல்லை. சிவப்பைப் பார்த்ததும் லாரி நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"மின்ன மாசத்துக்கு ஒரு உசுராவது போவும் இந்த முக்குல. இப்ப ஒருத்தனும் செவப்புல தாண்டறது இல்ல. அவரு பாத்துக்கினு கீறாரு இல்ல?"

"யாரு?"

"முனிதான்."

"புத்தகம் படிச்சீங்களா?" என்று தணிகாசலம் கேட்டார்.

"இன்னா புக்கு? எனக்குப் படிப்பு வராது சார். எனக்கு மின்ன கட வெச்சினு இருந்தாரே, அவரு சாவியக் குடுக்கும்போது சொன்னாரு. கஜா, மொத டீ கம்பத்துக்கு, மறந்துடாதன்னாரு. அன்னிலேர்ந்து அஞ்சு மணிக்குப் பாய்லர் கொதிச்சா மொத டம்ளர் அங்கதான். நீ வர்றதுக்குள்ள எடுத்துடுவேன், அதான் நீ பாத்ததில்ல."

கஜபதி வேறு ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டார். தணிகாசலத்தின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் டீக்கடை வாசலில் அழ வெட்கப்பட்டுக் கவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"பூங்காவனம் கடைசியா இங்க எப்ப வந்தாங்க?" என்று அம்மா கேட்டார்.

"பதினோரு வருஷம் ஆச்சும்மா. அவங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ராணிப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. அவரைப் படுக்கையில விட்டுட்டு எங்கயும் நகர முடியாதுன்னு ஒரு பேட்டியில சொல்லியிருந்தாங்க. போன வருஷம் அவர் தவறிட்டார். அதனாலதான் இன்னைக்கு..."

தணிகாசலம் பாதியில் நிறுத்தினார். எட்டாம் பாகம் வந்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். இருநூற்றுப் பன்னிரண்டு கோடு போட்ட கை, இந்த ஒரு கணக்கைப் போடாமல் விட்டிருந்தது.

"கடிதத்துல கடைசி வரி என்ன?"

அவர் கவரைப் பிரித்தார். நாற்பதாம் பக்கத்தை எடுத்து மெதுவாகப் படித்தார். "'எங்கள் முனி எங்கே போனார்?'"

"பிழை ஏதாவது இருக்கா?"

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். "இல்லம்மா."

"இருக்கு. கேட்கிற ஆள் மாறிப்போச்சு. அது அவங்க உங்களைக் கேட்க வேண்டியது." அம்மா காலி டம்ளரைப் பலகையில் வைத்தார். "நாலு மணிக்கு சென்ட்ரல்லேர்ந்து இந்த வழியா கூட்டிட்டு வாங்க. கேட்டா, காட்டுங்க."