வெள்ளிக்கிழமை அடித்த மணி

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து சோளக்கொல்லைகள் தொடங்குகிற ஓரத்தில், ஒரு மாதா கோயில் இருந்தது. அதன் மணிக்கூண்டில் ஒரு கிளி குடியிருந்தது. குழந்தைகளே, அந்தக் கிளிக்குத் தெரியாத சேதி கிடையாது. வாயை மூடத்தான் தெரியாது.

பங்குனி வெயிலில் காடு காய்ந்து கிடந்தது. ஒரு வியாழக்கிழமை, செந்நாய்கள் வந்து ஒரு மான்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. தாய்மான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மேயவில்லை. கூப்பிடு தூரத்தில் ஓடை இருந்தும் தண்ணீர் குடிக்கவில்லை.

மறுநாள் குரங்கு வந்து பார்த்தது. "இன்றும் குடிக்காவிட்டால் இவளும் பிழைக்கமாட்டாள்" என்றது. விளையாட்டைத் தவிர வேறெதுவும் அறியாத குரங்கு அது. மானின் முன்னால் குட்டிக்கரணம் போட்டுக் காட்டியது. மான் பார்க்கவே இல்லை.

"உன் கரணத்தைப் பார்த்தால் சிரிக்கிறவளுக்கும் அழுகை வரும். நகர்ந்துகொள் அண்ணே, நான் பேசுகிறேன்" என்றது கிளி.

அது தாழ்ந்த கிளையில் வந்து அமர்ந்தது. "தங்கச்சி, கோயிலில் இன்று பெரிய வெள்ளி. சாமியைச் சிலுவையில் அறைந்து கொன்ற நாள். பீடத்தில் பூ இல்லை, மெழுகுத்திரி இல்லை. மணியின் நாக்கைக்கூடத் துணி சுற்றிக் கட்டிவிட்டார்கள். மரக்கட்டையைத்தான் தட்டுகிறார்கள். ஊரே அழுகிறது. எனக்கு இதுதான் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும், செத்தவர் எழுந்துவிடுவார். தெரிந்திருந்தும் எதற்கு அழுகை?"

மான் தலையைத் தூக்கவில்லை. காதுகள் மட்டும் கிளியின் பக்கம் திரும்பின.

கிளிக்கு அது போதுமாக இருந்தது. குரங்கைத் தனியே அழைத்துப் போயிற்று. "மணிச் சத்தம் கேட்டால் தேறிவிடுவாள். துணியை நான் கடித்து அவிழ்க்கிறேன். நீ கயிற்றில் தொங்கு."

"இன்று வெள்ளிதானே?"

"அவளுக்குக் கிழமை தெரியுமா என்ன?"

உச்சிவெயில் சாய்ந்த வேளை. கோயிலுக்குள் சனங்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். ஓர் இருமல்கூட இல்லை. திடீரென்று மேலே மணி கணகணவென்று அடித்தது. அழுத முகங்களோடு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

காட்டில் மானும் தலை நிமிர்ந்தது. மணி அடித்தால் செத்தவர் எழுந்து வருவார் என்று கிளி சொன்னதல்லவா? அது ஓடியது. பாறைகளைச் சுற்றி ஓடியது, முட்புதர்களில் நுழைந்து ஓடியது. குட்டியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதன் தொண்டை அடைத்துப்போயிற்று.

திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் முள் கிழித்திருந்தது. பழைய இடத்திலேயே முன்கால் மடிந்து விழுந்தது.

கிளி தாழ்ந்த கிளைக்குப் பறந்து வந்தது. "தங்கச்சி, உன்னைத் தேற்றத்தான் நான்..."

"அக்கா, நீ கோயிலிலேயே இருக்கிறவள். அந்தச் சிலுவையடியில் அவருடைய அம்மா நின்றாளா?"

"நின்றாள்."

"அன்றைக்கு அவளிடம் யாராவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசினார்களா?"

"இல்லை. சிலபேர் கூட நின்றார்கள். அவ்வளவுதான்."

அதற்குமேல் கிளி பேசவில்லை. தரையில் இறங்கி மானின் பக்கத்தில் உட்கார்ந்தது. குரங்கும் வந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு, மறுபக்கம் உட்கார்ந்தது. ஒன்றன் முகத்தை ஒன்று பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மான் தானாகவே எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி ஓடைக்கு நடந்தது. கிளியும் குரங்கும் கூடவே போயின. தண்ணீரில் மானின் முகம் மட்டும் தனியாகத் தெரிந்தது. அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அழுதுகொண்டே குடித்தது.

நீதி: துக்கப்படுகிறவரை அவசரமாகத் தேற்றாதே, அருகில் இரு.