யேஷிவாவில் ஏன் அத்தனை சத்தம்?

பூச்சி புழுவுக்கும் பேச்சு இருந்த காலத்தில், ஓர் ஏரிக்கரை ஊரில் யூதர்களின் வேதப் பாடசாலை ஒன்று இருந்தது. யேஷிவா என்பார்கள். அங்கே நாற்பது பேர் ஆளுக்கொரு மூலையில் வாய் திறக்காமல் படிப்பார்கள். படிப்பவரிடம் குறுக்கே பேசுவது மரியாதைக் குறைவாம். என்ன மரியாதையோ, நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஊர் ஃப்ரூமாவின் கணவன் படகு கவிழ்ந்து ஏரியில் மூழ்கினான். ஊரே கரையைச் சுற்றி நின்று பார்த்தது. அவன் ஏறி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவள் மனைவியா விதவையா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பீப்பாய் செய்யும் பெரெல் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தான். யேஷிவாவின் தலைவரும் மதகுருவுமான ரப்பி எல்கானா சம்மதம் தர வேண்டும்.

ரப்பி சட்ட நூலைப் புரட்டினார். 'நீரில் மூழ்கியவனின் உடல் கிடைக்காவிட்டால், அவன் எங்காவது கரையேறியிருக்கலாம். மனைவி மறுமணம் செய்யக் கூடாது' என்றிருந்தது.

"கூடாது அம்மா" என்று சொல்லிவிட்டார்.

பெரெல் இரண்டு வருடம் பார்த்தான். பிறகு வெளியூரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாம் வருடம் ரப்பி அதே நூலை எடுத்தபோது, உள்ளிருந்து ஒரு புத்தகப் பூச்சி தலையை நீட்டியது.

"மெதுவாகப் புரட்டுங்கள் ஐயா. போன தடவை என் வீட்டைத் திறக்காமலே தாண்டிப் போனீர்கள்."

மெழுகு சிந்தி இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ரப்பி நகத்தால் பிரித்தார். 'இது கடலுக்கு. நாலு கரையும் தெரியும் நீரில், அவன் ஏறி வராததைப் பார்த்தவர்கள் இருந்தால், அவள் மறுமணம் செய்யலாம்.'

ரப்பி அந்த வரியை மறுபடி வாசித்தார். "அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"இங்கே மனிதர்களே பேசுவதில்லை. பூச்சி நான் எப்படிப் பேச?"

எதிரே படித்துக்கொண்டிருந்த பெரியவர் நாஹும் எழுந்து நின்றார். "தாள்கள் சேர்ந்து புரண்டதை நானும் பார்த்தேன் ரப்பி. குறுக்கே பேசக் கூடாதே என்று..."

"பார்த்தீரா!" ரப்பி அலறினார். அந்தக் கூடத்தில் எழுந்த முதல் சத்தம் அதுதான்.

அப்படியே ஓடிப்போய் ஃப்ரூமாவின் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை.

"நாற்பது பேர் இருந்தீர்களே. ஒருத்தருக்குக்கூடவா வாய் இல்லை?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நாளிலிருந்துதான் யேஷிவாவில் யாரும் தனியாகப் படிப்பதில்லை. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து, வாய்விட்டு வாசித்து, ஒருவரை ஒருவர் மறுத்துத் தெருவே அதிரக் கத்துகிறார்கள்.