ஒரு உருப்படி குறைகிற கார்

"அம்மிணி, நான் தோத்துப்போட்டேன்" என்று வந்து நின்றார் மருதாசலம்.

தோற்கிற ஆளா அவர்! சூலூரில் முப்பது வருஷமாகக் கியர் பெட்டி பிரிக்கிறவர். கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வந்தபோது, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று, தன் மகள் வயசுள்ள மெக்கானிக் கோகிலவாணியிடம் போய் "எனக்குக் கத்துக் குடு அம்மிணி" என்று கேட்டவர். அவளும் கற்றுக் கொடுத்தாள். பேச்சில் மட்டும் மகா கஞ்சம்.

"என்னங்ணா ஆச்சு?"

"நம்ம நூலகர் தேவசகாயம் சாரோட ஆட்டோமேட்டிக் கார். ஓடிட்டு இருக்கும்போதே டேஷ்போர்டுல, டிரைவ் கியரைக் காட்டற டி எழுத்து மறைஞ்சு போகுது. அப்புறம் வண்டி இழுக்க மாட்டேங்குது. கியர் சிக்னலே வரலைன்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"சரிங்ணா."

"என்ன சரி? சென்சாரை மாத்தினேன். ஒயரை அளந்தேன். பெட்டியையே ரெண்டு வாட்டி எறக்கிப்போட்டேன். நான் ஓட்டினா பழனி வரைக்கும் போயிட்டு வருது, ஒரு குத்தமும் இல்லை. அவர் வாங்கிட்டுப் போனா வீதி முக்குத் தாண்டறதுக்குள்ள நின்னுக்குது!"

தேவசகாயத்துக்கு இடது கால் போலியோவில் சூம்பியது. இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடப்பார். கிளட்ச் இல்லாத இந்தக் கார் ஒன்றைத்தான் அவரால் ஓட்ட முடியும். நடுரோட்டில் நாலு தடவை நின்ற பிறகு, வித்துத் தொலைங்க என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குப் புரோக்கர் வருகிறான். கார் போனால் அவர் வேலைக்குப் போவதும் போச்சு.

மணி அப்போதே பதினொன்று.

கோகிலவாணி அவர் பட்டறைக்கு வந்து, காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கருவி எதையும் கையில் எடுக்கவில்லை.

"ஒரு உருப்படி கொறையுதுங்ணா. அதை மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

கொறையுதா! மருதாசலத்துக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அப்படியென்றால் கோளாறு இருக்கிறது, கண்டுபிடிக்கலாம்! பானட்டைத் தூக்கினார். டார்ச்சைக் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். போல்ட்டை எண்ணினார், கிளிப்பை எண்ணினார், பியூஸ் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முதுகெல்லாம் கிரீஸ்.

"எல்லாம் இருக்குது அம்மிணி!"

"ஒண்ணு கொறையுது."

"ஒண்ணு விடாம எண்ணிப்போட்டேன்!"

"எங்க எண்ணினீங்க?"

"வேற எங்க, வண்டிலதான்!"

"அது அங்க இருந்தா ஏங்ணா கொறையுதுங்கப் போறேன்?"

வாசலில் பைக் சத்தம். புரோக்கர் முன்னாடியே வந்துவிட்டான், படுபாவி.

மருதாசலத்துக்கு வந்ததே கோபம்!

"வெளையாடாத அம்மிணி! இங்க ஒரு மனுசன் பொழப்பே போகப் போகுது! பாரு, அந்த வேப்பமரத்தடில அவர் உக்காந்து..."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

கோகிலவாணி டீயை ஊதிக் குடித்தாள்.

"ஐயோ!" என்றார் மருதாசலம். அடுத்த நிமிஷம் மரத்தடிக்கு ஓடினார். ஐம்பத்தோரு வயசு ஆள் ஓடுகிற ஓட்டமா அது!

"சார், எந்திரிங்க! வாங்க, வண்டில வந்து உக்காருங்க!"

"நானுங்களா? இப்பவா?"

"இப்பவேதான் சார், வாங்க!"

தேவசகாயம் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். மருதாசலம் பக்கத்து சீட்டில் ஏறி, டேஷ்போர்டையே முறைத்துக்கொண்டிருந்தார். கார் கிளம்பியது. டி எரிந்தது. பட்டறை வாசலில் ஒரு திருப்பம். தேவசகாயத்தின் கால் இடதுபக்கம் சாய்ந்தது. இரும்புச் சட்டம் கியர் லீவருக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியில் டொக்கென்று முட்டியது.

டி மறைந்தது.

"அகப்பட்டுக்கிச்சு!" மருதாசலம் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்தன. புரோக்கர் பயந்து இரண்டடி பின்னால் போனான்.

மூடியைக் கழற்றினார். லீவரிலிருந்து போகிற ஒயர், மேலே பார்த்தால் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. காலை எடுத்தால் ஒட்டிக்கொள்கிறது, கால் பட்டால் விட்டுப் போகிறது. அறுந்த இடத்தைப் பற்றவைத்து, ஒயரைக் கால் படாத பக்கமாகத் திருப்பிக் கட்டினார். கால் மணி நேர வேலை.

தேவசகாயம் சூலூரை நாலு சுற்றுச் சுற்றினார். வேண்டுமென்றே காலால் முட்டிப் பார்த்தார். டி அசையவில்லை. இறங்கும்போது மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"போயிட்டு வாப்பா, இது விக்கிற வண்டியில்லை" என்று புரோக்கரை அனுப்பிவிட்டு, மருதாசலம் திரும்பினார்.

"ஏனுங்க சார், உங்க கால் பட்டா டி போகுதுன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலீங்களா?"

"வந்துச்சுங்களே. மொத நாளே சொல்லலாம்னு உங்க பக்கத்துல வந்து நின்னேன்."

"அப்புறம்?"

"கால் முடியாதவர் வெயில்ல நிக்கக் கூடாதுன்னு, நீங்கதானுங்க எளநி வாங்கிக் குடுத்து மரத்தடில உக்கார வெச்சீங்க."